காருகுறிச்சியும் ஜாஸும் – கடிதம்

அண்ணாச்சிக்கு வணக்கம்.

எல்லா வகை இசையும் கேட்பவன் நான். என் கணக்கில் இளையராஜாவின் ‘ஹவ் டு நேம் இட்’டுக்கு மேல் ஒரு ஆல்பம் கிடையாது. ராக் குழுவான பிங்க் ஃபிளாய்டின் ‘டார்க் சைட் ஆஃப் தி மூன்’ சும்மா ஊதிப் பெரிதாக்கியது. அதில் ஒரு பெண் நாலு நிமிஷம் கத்துகிறார், அது பாட்டா? ஜாஸ்காரர் மைல்ஸ் டேவிஸின் ‘கைண்ட் ஆஃப் ப்ளூ’ போட்டால் தூக்கம் வருகிறது. நம்ம நாயனக்காரர் காருகுறிச்சி அருணாசலத்தை ஊர்ப் பாசத்தில் கேட்டுப் பார்த்தேன், தவில் காதைக் கிழிக்கிறது. என் காதில் கோளாறா, இல்லை நீங்களெல்லாம் சும்மா புகழ்கிறீர்களா? பெயர் போட வேண்டாம்.

ஒரு வாசகர், பாளையங்கோட்டை

அன்புள்ள தம்பிக்கு,

காதில் கோளாறு இல்லை. காருகுறிச்சியாரை எதில் கேட்டீர்கள் என்று எழுதவில்லை, போனில் இயர்போன் மாட்டித்தான் கேட்டிருப்பீர்கள். நாயனமும் தவிலும் கோயில் வெளிக்கும் தெருவுக்கும் ஏற்பட்டவை, அதைக் கொண்டுபோய்க் காதுக்குள் திணித்தால் கிழிக்காமல் என்ன செய்யும்? எனக்கு வீரவநல்லூர் பக்கம். அவர் 1964-லேயே போய்விட்டார், அதனால் நேரில் கேட்டதில்லை. கொடைக்கு ரேடியோ செட்டுக்காரர் வேப்பமரத்தில் குழாயைக் கட்டி விடியற்காலம் அவர் இசைத்தட்டைப் போடுவார், நான் வயலுக்கு இந்தப் பக்கம் நின்று கேட்பேன். தவில் பாதி கரைந்திருக்கும், நாயனம் மட்டும் நெல்லுக்கு மேலாக வரும், காற்று திரும்பினால் ஒரு பிருகா அப்படியே காணாமல் போய்விடும். நீங்களும் ஒரு ஸ்பீக்கரை அடுக்களையில் வைத்துவிட்டு முன்வாசலில் உட்கார்ந்து கேட்டுப் பாருங்கள்.

‘ஹவ் டு நேம் இட்’ பெரிய வேலைதான், சந்தேகமில்லை. ஆனால் எனக்கு ராஜாவின் ‘நத்திங் பட் விண்ட்’ ஒரு படி மேல், சௌரசியாவின் குழலுக்காக. இரண்டையும் ஜங்ஷனில் ஒரு கடையில் கேசட்டில் பதிந்து வாங்கினேன். மிச்ச டேப் வீணாகக் கூடாதென்று கடைக்காரர் கடைசியில் பாதி சினிமாப் பாட்டைச் சேர்த்திருந்தார், இன்றைக்கும் ஆல்பம் முடிந்ததும் என் காது அந்தத் தபேலாவுக்காகக் காத்திருக்கும். போதாததற்கு எங்கள் வீட்டு டேப் ரிக்கார்டரில் பெல்ட் தளர்ந்துபோய் மெதுவாக ஓடும். வி.எஸ். நரசிம்மனின் வயலின் அதில் தொண்டை கட்டினதுபோல கனமாகக் கேட்கும், எனக்கு அதுதான் பிடித்திருந்தது. பல வருஷம் கழித்து சி.டி.யில் கேட்டபோது யாரோ பின்னாலிருந்து தள்ளிவிடுகிற மாதிரி இருந்தது.

உங்களைத் தூங்கவைத்த ‘கைண்ட் ஆஃப் ப்ளூ’வுக்கும் இதே கதை உண்டு. 1959 மார்ச்சில் பதிவு செய்தபோது டேப் மெஷின் கொஞ்சம் மெதுவாக ஓடியிருக்கிறது, அதைச் சரியான வேகத்தில் ஓட்டியதால் இசைத்தட்டின் முதல் பக்கத்து மூன்று உருப்படிகளும் சுருதி சற்று ஏறியே வெளிவந்தன. முப்பது வருஷத்துக்கு மேல் உலகமே அதைத்தான் கேட்டது, 1990-களில்தான் திருத்தினார்கள். அப்புறம், அதில் முதலாவதான ‘ஸோ வாட்’டை நம் கணக்கில் கேட்டால் தூக்கம் வராது. பதினாறு ஆவர்த்தம்போல கரகரப்பிரியா ராகத்தின் சுரங்களிலேயே நிற்கிறார்கள், பிறகு எட்டுக்கு அரைச்சுரம் மேலே ஏறி, மறுபடி எட்டுக்குப் பழைய இடத்துக்கே இறங்குகிறார்கள். திரும்பத் திரும்ப இதுதான், சுரத்தை அசைக்கிற கமகம் கிடையாது. அந்த அரைச்சுரம் ஏறும் இடத்தை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள், போதும்.

பிங்க் ஃபிளாய்ட் விஷயத்தில் பாதி உங்கள் கட்சி, ‘மணி’ பாட்டு எனக்கும் அலுத்துவிட்டது. ஆனால் நீங்கள் கத்தல் என்று சொன்னதை விட்டுக்கொடுக்க மாட்டேன். பாடியவர் கிளேர் டோரி, அன்றைக்கு அவருக்குக் கிடைத்த கூலி 30 பவுண்டு, பாட வார்த்தையும் கொடுக்கவில்லை. எங்கள் தெருவில் ஒரு ஆச்சி ஒப்பாரி வைப்பாள். செத்தவரின் பேர், பெருமை, கட்டின வீடு, வாங்கின மாடு எல்லாம் சொல்லி முடித்து, இனிச் சொல்ல ஒன்றுமில்லை என்றான பிறகும் குரல் மட்டும் நிற்காமல் போகும், கடைசியில் அடங்கி முனகலாகும். முதல் தடவை அந்தப் பாட்டைக் கேட்டபோது எனக்கு ஆச்சி ஞாபகம்தான் வந்தது.

ஒரு காரியம் செய்யுங்கள். ‘கொஞ்சும் சலங்கை’ படத்தில் ஜானகியும் காருகுறிச்சியாரும் சேர்ந்த ‘சிங்காரவேலனே’யை முதலில் போடுங்கள். அது ஆபேரி ராகம், இப்போதைய வழக்கில் கரகரப்பிரியாவின் பிள்ளை. அது முடிந்த கையோடு ‘ஸோ வாட்’. அதற்கும் தூங்கிவிட்டால் எழுதுங்கள்.