செனட் ஓட்டுப் போடும் முன்பே டிரஸ்டி ஓட்டுப் போடலாமா? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: என் மகள் அமெரிக்காவில் சியாட்டில் பக்கம் ஒரு கம்யூனிட்டி காலேஜில் படிக்கிறாள். அந்தக் கல்லூரியின் நிர்வாகக் குழுவுக்கு ஒருவரை ஆளுநர் போன வருடமே நியமித்துவிட்டாராம். செனட் இன்னும் ஒப்புதல் தரவில்லை. ஆனால் அவர் கூட்டத்துக்கு வந்து ஓட்டும் போடுகிறாராம். இது செல்லுமா? – ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: தாராளமாகச் செல்லும். இது அமெரிக்கத் தலைநகரில் இருக்கும் செனட் இல்லை, வாஷிங்டன் மாநிலத்தின் ஒலிம்பியா நகரில் கூடும் மாநில செனட் (அந்த மாநிலச் சட்டமன்றத்தின் மேலவை), மொத்தம் 49 பேர். அங்கே ஆளுநரும் நம் ஆளுநரைப் போல டெல்லியிலிருந்து அனுப்பப்பட்டவர் இல்லை. மக்கள் ஓட்டில் ஜெயித்து வந்தவர், அதிகாரத்தில் நம் முதலமைச்சர் மாதிரி. அந்த மாநிலத்தில் சமுதாயக் கல்லூரிகளும் (அதாவது கம்யூனிட்டி காலேஜ்) தொழில்நுட்பக் கல்லூரிகளுமாக 34 இருக்கின்றன, அவற்றை 30 கல்லூரி மாவட்டங்களாகப் பிரித்திருக்கிறார்கள். பொதுவாக ஒரு மாவட்டத்துக்கு 5 டிரஸ்டிகள், அதாவது நிர்வாகக் குழு உறுப்பினர்கள், 5 ஆண்டு பதவி. நியமிப்பது ஆளுநர், ஒப்புதல் தருவது செனட். இதுவரை நமக்குப் புரிகிற கணக்குதான். ஆனால் அந்த மாநிலச் சட்டத்தொகுப்பில் இன்னொரு வரியும் இருக்கிறது: செனட் ஓட்டெடுப்பு நடத்தி நிராகரித்தால் ஒழிய, ஆளுநர் நியமித்தவர் பதவியில் தொடரலாம். அதாவது செனட் வாயே திறக்காவிட்டால் அவர் பாட்டுக்கு உட்கார்ந்திருப்பார், அவர் போடும் ஓட்டுக்கும் முழு மதிப்பு உண்டு.

ஏன் இப்படி வைத்தார்கள் என்பது காலண்டரைப் பார்த்தால் தெரியும். டிரஸ்டி பதவிக்காலம் செப்டம்பர் 30-ல் முடிகிறது, சட்டமன்றமோ ஜனவரி இரண்டாவது திங்கள்கிழமைதான் கூடும், அதுவும் ஒற்றைப்படை வருடத்தில் 105 நாள், இரட்டைப்படை வருடத்தில் வெறும் 60 நாள். அதற்குள் மசோதாக்களையும் பட்ஜெட்டையும் முடித்தாக வேண்டும். செனட் வரும்வரை காத்திருந்தால் 5 பேர் உட்கார வேண்டிய மேஜையில் பல மாதம் நாற்காலி காலியாகக் கிடக்கும்.

கேள்வி: அப்படியானால் செனட் ஒப்புதல் என்பது வெறும் சடங்குதானே? – ஒரு வாசகர், தூத்துக்குடி

பதில்: நடைமுறையில் பல நேரம் சடங்குதான், ஒத்துக்கொள்கிறேன். செனட்டின் உயர்கல்விக் குழுவில் விசாரணை நடக்கும், அப்புறம் சபைக்கு வரும். ஒரு செனட்டர் எழுந்து நியமன எண்ணைச் சொல்லி, இவர் நல்லவர், ஊருக்கு உழைத்தவர் என்று ரெண்டு நிமிடம் பேசுவார், பெயர் வாசித்து ஓட்டெடுப்பார்கள், பெரும்பாலும் எதிர்ப்பே இருக்காது, அடுத்த மசோதாவுக்குப் போய்விடுவார்கள். ஆனால் கையில் ஆயுதம் இல்லாமல் இல்லை. ஓட்டெடுப்பில் தோற்றவரை ஒரு வருடத்துக்கு அதே பதவியில் மறுபடி நியமிக்கக் கூடாது, ஆகவே ஆளுநர் மறுநாளே அவரைப் பின்வாசல் வழியாக அழைத்துவர முடியாது.

அந்த ஆயுதத்தை எடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு இன்னொரு அமெரிக்க மாநிலமான வர்ஜீனியாவைப் பாருங்கள் (அங்கே சண்டை சமுதாயக் கல்லூரிக்காக இல்லை, பல்கலைக்கழகக் குழுக்களுக்காக). 2025 ஜூனில் அப்போதைய ஆளுநர் யங்கின் நியமித்த 8 பேரை செனட்டின் ஒரு குழு நிராகரித்தது. ஒரு குழு சொன்னால் போதாது, முழுச் சபையும் ஓட்டுப் போட வேண்டும் என்றது ஆளுநர் தரப்பு. வழக்குப் போய், ஜூலைக் கடைசியில் அங்குள்ள ஃபேர்ஃபாக்ஸ் நீதிமன்றம் அந்த 8 பேரும் பதவியில் இருக்கக் கூடாது என்றது, அது மேல்முறையீட்டுக்கும் போனது.

என்னைக் கேட்டால் இரண்டுமே அரைகுறை ஏற்பாடுதான். ஓட்டுக்கே விடாமல் வருடக்கணக்கில் இழுப்பதும் சரியில்லை, சில பேர் கொண்ட குழுவே கதையை முடிப்பதும் சரியில்லை. இத்தனை நாளுக்குள் முழுச் சபையும் ஓட்டெடுத்தாக வேண்டும் என்று கெடு வைத்துவிட்டால் பாதித் தகராறு தீரும்.

கேள்வி: அங்கேயே வேலை பார்க்கும் பேராசிரியரை டிரஸ்டியாகப் போடலாமா? – ஒரு வாசகர், நாகர்கோவில்

பதில்: கூடாது. சமுதாயக் கல்லூரி அமைப்பின் ஊழியருக்கு அந்தப் பதவி கிடையாது. டிரஸ்டி அந்த மாவட்டத்தில் குடியிருப்பவராகவும் இருக்க வேண்டும்.

கேள்வி: இந்த 5 பேர் நினைத்தால் என் மகளின் ஃபீஸ் குறையுமா? இவர்களை யார் கவனிக்கிறார்கள்? – அதே கும்பகோணம் வாசகி

பதில்: ஃபீஸில் பெரிதாக எதிர்பார்க்காதீர்கள், அந்தப் பிடி பெரும்பாலும் சட்டமன்றத்திடமும் இந்தக் கல்லூரிகளுக்கான மாநில வாரியத்திடமும் இருக்கிறது. ஆனால் கல்லூரித் தலைவரை நியமிப்பதும் நீக்குவதும், எந்த ஆசிரியருக்கு நிரந்தரப் பணி என்று முடிவு செய்வதும் இந்த 5 பேர்தான். மகளுக்குப் பிடித்த வாத்தியார் அடுத்த வருடம் இருப்பாரா என்பது இவர்கள் கையில்.

கலிபோர்னியாவாக இருந்தால் இதை மக்களே தேர்தலில் பார்த்துக்கொள்வார்கள், அங்கே மாவட்ட டிரஸ்டிகள் ஓட்டு வாங்கித்தான் வர வேண்டும். வாஷிங்டனில் அது இல்லாததால் செனட் விசாரணைதான் முக்கியமான வாசல். அங்கே யார் வேண்டுமானாலும் பதிவு செய்து பேசலாம், ஒலிம்பியாவுக்குப் போகவும் வேண்டாம், வீட்டிலிருந்தே வீடியோவில் பேசலாம். உங்கள் மகளுக்கு அந்த ஆளைப் பற்றிச் சொல்ல ஏதாவது இருந்தால், செனட் இன்னும் ஓட்டெடுக்கவில்லை என்கிறீர்களே, நேரம் இருக்கிறது.