இடைக்கால ஓவியங்களில் மாதாவுக்கு ஏன் எப்போதும் நீல உடை?

நீலம் வானத்தின் நிறம் என்பதால்தானே என்று நீங்கள் கேட்கலாம். அதுவும் உண்டு. ஆனால் வானம் என்றைக்கும் நீலம்தான். மேற்கு ஐரோப்பாவில் 12ஆம் நூற்றாண்டு வரை மாதாவைக் கறுப்பு, பழுப்பு, கருநீலம் என்று துக்க நிறங்களில்தான் பெரும்பாலும் வரைந்தார்கள். பளிச்சென்ற நீலம் அதற்கு அப்புறம் வந்தது. என்னைக் கேட்டால், அந்த நீலம் எதில் செய்யப்பட்டது என்று பார்த்தால்தான் பாதி விடை கிடைக்கும்.

அது லாபிஸ் லசூலி என்ற கல். ஆப்கானிஸ்தானின் பதக்‌ஷான் மலைகளில் வெட்டியெடுத்து, தரை வழியும் கடல் வழியுமாக வெனிஸ் வந்து சேர்ந்தது. அந்தக் கல்லிலிருந்து எடுத்த நீலத்துக்கு அல்ட்ராமரின் என்று பெயர். கடலுக்கு அப்பாலிருந்து வந்தது என்று பொருள். கல்லை வெறுமனே அரைத்தால் சாம்பல் பூத்த பொடிதான் மிஞ்சும், மற்ற தாதுக்களும் கலந்திருப்பதால். 1400 வாக்கில் சென்னினோ சென்னினி என்ற இத்தாலிய ஓவியர் செய்முறையை எழுதி வைத்திருக்கிறார்: பொடியைப் பைன் பிசின், மாஸ்டிக் பிசின், மெழுகு சேர்த்து மாவு போலப் பிசைந்து, சில நாள் ஊறவிட்டு, சாம்பல் காரநீரில் போட்டுக் கசக்க வேண்டும். நீலம் மட்டும் நீரில் இறங்கும். முதல் கசக்கலில் வருவதுதான் உயர்ந்தது.

இவ்வளவு பாடுபட்டு எடுத்ததை யாருக்குப் பூசுவார்கள்? 1485இல் கிர்லாந்தாயோ என்ற ஓவியரோடு இத்தாலியின் ஃபுளோரன்ஸில் போட்ட ஒப்பந்தத்தில், நீலம் அவுன்ஸ் நான்கு ஃபுளோரின் (அந்நகரத் தங்கக் காசு) மதிப்புள்ள அல்ட்ராமரினாக இருக்க வேண்டும் என்றே எழுதியிருக்கிறது. மலிவான அசுரைட் நீலமும் கடையில் கிடைத்த காலம் அது. விலை உயர்ந்ததை மாதாவுக்குப் பூசுவதே ஒரு காணிக்கை.

இதை நான் கண்ணால் உணர்ந்தது லண்டன் நேஷனல் கேலரியில், வில்டன் இரட்டைப் பலகை ஓவியத்தின் முன்னால். 1395க்கும் 1399க்கும் இடையில், இங்கிலாந்தின் இரண்டாம் ரிச்சர்ட் மன்னருக்காகச் செய்தது. புத்தகம் போல மடித்து எடுத்துப் போகலாம். ஒரு பலகை அரை மீட்டர் உயரம்தான் இருக்கும். வலது பலகையில் மாதாவும் 11 தேவதூதர்களும், எல்லாருக்கும் அதே நீலம். மாதாவுக்கு மட்டும் என்று ஒதுக்கிச் சிக்கனம் பார்க்கவே இல்லை! ஓக் மரப் பலகையில் முட்டை மஞ்சள்கரு கலந்த வண்ணம், பின்னணி முழுக்கத் தங்க ரேக்கு. மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் அது எப்படி அசைந்திருக்கும் என்று நினைத்தபடி வெகுநேரம் நின்றிருந்தேன்.

நேரில் பார்க்கப் போனால், குழந்தை இயேசுவின் ஒளிவட்டத்தைக் கிட்டப் போய்ப் பாருங்கள். வண்ணமே இல்லாமல், தங்கத்தில் புள்ளி புள்ளியாகக் குத்தி, முள்முடியும் மூன்று ஆணிகளும் இருக்கும், பின்னாளில் வரப்போகும் சிலுவைச் சாவின் அடையாளங்கள். தாயின் கையில் குழந்தை நிம்மதியாக இருக்கிறது.