டெலிபோன் சாக்கெட்டில் இன்டர்நெட் வருமா?

கேள்வி: பிரெஞ்சுத் தீவான ரீயூனியனில் சேன்-அந்த்ரே பக்கம் எங்கள் பழைய வீடு. ஃபைபர் வந்துவிட்டது, இன்டர்நெட் பாக்ஸ் (ரவுட்டர்) கூடத்தில் இருக்கிறது. மகள் படிக்கும் மாடி அறைக்கு வைஃபை எட்டுவதில்லை. அங்குள்ள பழைய டெலிபோன் சாக்கெட்டைக் கழற்றிவிட்டு ஆர்ஜே45 (நெட் கேபிள் செருகும் சாக்கெட்) போட்டால் இன்டர்நெட் வருமா? போன் பிளக் ஆர்ஜே45-இல் நன்றாகவே பொருந்துகிறதே!

பதில்: பொருந்துவதை வைத்து முடிவு செய்யாதீர்கள். போனின் ஆர்ஜே11 பிளக்கில் ஆறு இடம்; வழக்கமாக நடுவில் இரண்டு தகடுதான் இருக்கும். ஆர்ஜே45-இல் எட்டு. சின்னது பெரியதற்குள் நுழைந்து, நடுவிலுள்ள 4, 5-ஆம் பின்களைத் தொடும். போனுக்கு அது போதும். ஆனால் அதன் பிளாஸ்டிக் ஓரம் 1, 8 பின்களை வளைத்துவிடக்கூடும்.

பிரெஞ்சு டி வடிவ சாக்கெட்டை 2008 முதல் புது வீடுகளில் போடுவதில்லை. உங்கள் வீட்டில் இருப்பது அதுவாகத்தான் இருக்கும். திறக்குமுன் வெளியிலிருந்து வரும் பழைய செம்புக் கம்பியைப் பிரித்தாயிற்றா என்று பாருங்கள். அதில் சும்மா இருக்கும்போதே 48 வோல்ட் நிற்கும், மணி அடித்தால் இன்னும் ஏறும். கம்ப்யூட்டர் போர்ட் அதைத் தாங்காது.

அப்புறம் கம்பி போகும் வழி. போன் சாக்கெட்டுகளை ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு இழுத்துக்கொண்டே போயிருப்பார்கள். ஈதர்நெட்டுக்கு, அதாவது கம்பி வழி நெட்டுக்கு, அது ஆகாது: பாக்ஸிலிருந்து அறைக்கு ஒரே கேபிள், நடுவில் கிளை கூடாது. பழைய வீடுகளில் பெரும்பாலும் இங்கேதான் தட்டும்.

வழி நேராக இருந்தால் கேபிளுக்குள் இருக்கும் கம்பி ஜோடிகளை எண்ணுங்கள். முறுக்கிய ஜோடி இரண்டு இருந்தால், இரு முனையிலும் ஒன்றை 1-2 பின்களிலும் மற்றதை 3-6 பின்களிலும் கொடுங்கள். தூரம் குறைவென்றால் 100 மெகாபிட் பெரும்பாலும் ஓடும்; மகளின் வீடியோ வகுப்புக்கு அதுவே தாராளம். கிகாபிட் வேண்டுமென்றால் நான்கு ஜோடியும் வேண்டும்.

நிறைய பேர் தவறுவது வரிசையில். 1-2, 3-4, 5-6, 7-8 என்று ஜோடி ஜோடியாக அடுக்கிவிடுகிறார்கள். மலிவு டெஸ்டரில் எட்டு விளக்கும் ஒழுங்காக எரியும், நெட் மட்டும் திக்கித் திணறும். 3-ம் 6-ம் ஒரே ஜோடியாக இருந்தே ஆகவேண்டும். நடுவில் 4-5 போனுக்கென்று முன்பே ஒதுக்கப்பட்ட இடம். அதனால்தான் இந்த ஜோடி அதைத் தாண்டி உட்காருகிறது. 3-ம் 6-ம் வெவ்வேறு ஜோடியில் போனால் ஒரு ஜோடியின் சிக்னல் அடுத்ததில் கசியும். கம்பி நிறங்களுக்கான பி வரிசை (T568B), 1 முதல் 8 வரை, இது: வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பழுப்பு, பழுப்பு. இரு முனையிலும் இதையே போடுங்கள். முறுக்கை 13 மில்லிமீட்டருக்கு மேல் பிரிக்க வேண்டாம்.

கம்பி சுவருக்குள் குழாயில் போகிறதென்றால் என் யோசனை வேறு: பழைய கம்பியின் வாலில் புது கேட்6 (நான்கு ஜோடி உள்ள நெட் கேபிள் வகை) கேபிளைக் கட்டி மெதுவாக இழுங்கள். செம்பு பூசிய அலுமினியத்தைத் தலையில் கட்டிவிடுவார்கள். முழுச் செம்புதானா என்று கேட்டு வாங்குங்கள்.