எலெக்ட்ரிக் ஸ்மோக்கர்: வாங்கும் முன்பும் வாங்கிய பின்பும்

கேள்வி: கரி அடுப்பில் பார்பிக்யூ செய்து பழக்கம். மணிக்கணக்கில் தீயைப் பார்த்துக்கொண்டு உட்கார இப்போது நேரமில்லை. எலெக்ட்ரிக் ஸ்மோக்கர் வாங்கினால் அதே ருசி கிடைக்குமா?

அதே ருசி கிடைக்காது. வேறு மாதிரியான, நல்ல ருசி கிடைக்கும். கரி அடுப்பில் கொழுப்பு கனலில் சொட்டி எழும் ஆவியும் கரியின் வாசனையும் இறைச்சியில் ஏறுகின்றன. எலெக்ட்ரிக் ஸ்மோக்கர் என்பது மரப்புகையில் இறைச்சியை மெதுவாக வேகவைக்கும் மின்பெட்டி. அதில் மின்சுருள் (காயில்) சூடு மட்டும் கொடுக்கிறது. தட்டில் போட்ட மரச்சில்லுகள் மெதுவாகக் கருகித்தான் புகை வருகிறது. அதனால் புகைவாசம் மென்மையாக இருக்கும். மீனுக்கும் கோழிக்கும் எனக்கு அதுவே பிடிக்கும்.

இறைச்சியை வெட்டினால் ஓரத்தில் தெரியும் இளஞ்சிவப்பு வளையமும் பெரும்பாலும் வராது. தீயிலிருந்து வரும் நைட்ரிக் ஆக்சைடும் கார்பன் மோனாக்சைடும் இறைச்சிக்குச் சிவப்பு நிறம் தரும் மயோகுளோபின் என்ற புரதத்தோடு சேர்வதால் உண்டாகும் நிறம் அது. ருசிக்கும் அதற்கும் தொடர்பில்லை. வளையம் இல்லை என்பதற்காக மெஷினைக் குறை சொல்ல வேண்டாம்.

கேள்வி: இரண்டு மாடல்களில் எதை எடுப்பது என்று குழப்பம். ஒன்றில் மொபைல் ஆப், கண்ணாடிக் கதவு, உள்ளே விளக்கு எல்லாம் உண்டு. இன்னொன்று வெறும் இரும்புப் பெட்டி போல இருக்கிறது, ஆனால் சுவர் தடிமனாக இருக்கிறது.

தடிமனான சுவர் உள்ளதை எடுங்கள். ஸ்மோக்கரின் வேலை ஒன்றுதான்: 107 முதல் 121 டிகிரி செல்சியஸ் வரையிலான சூட்டைப் பல மணி நேரம் விடாமல் பிடித்து வைப்பது. இரட்டைச் சுவரும் நடுவில் வெப்பம் கடத்தாத பொருளும் இருந்தால், குளிரும் காற்றும் அடித்தாலும் சூடு நிற்கும். ஒற்றைத் தகடு என்றால் காயில் ஓயாமல் எரிந்தும் சூடு ஏறாமல் திணறும். கண்ணாடிக் கதவு சூட்டை வெளியே விடும். இரண்டு மூன்று தடவை புகை போட்டால் கரி படிந்து உள்ளே எதுவும் தெரியாமலும் போய்விடும்.

கடையில் கதவைத் திறந்து மூடிப் பாருங்கள். கதவைச் சுற்றி இடைவெளியை அடைக்கும் பட்டை (கேஸ்கெட்) எல்லாப் பக்கமும் சமமாக அமர வேண்டும், தாழ்ப்பாள் இறுக்கமாகப் பிடிக்க வேண்டும். அடுத்து, மரச்சில்லு போடும் தட்டைக் கதவைத் திறக்காமல் பக்கவாட்டிலிருந்தே இழுக்க முடிகிறதா என்று பாருங்கள். ஒவ்வொரு முறை சில்லு போடவும் கதவைத் திறந்தால் சேர்ந்த சூடும் புகையும் மொத்தமாக வெளியே போய்விடும். திருகும் குமிழ் மட்டும் உள்ள மலிவான மாடல்களில், சூட்டை அளந்து தானே நிறுத்தும் தெர்மோஸ்டாட் இருக்கிறதா, அல்லது அது வெறும் கூட்டிக் குறைக்கும் குமிழா என்று கேளுங்கள். வெறும் குமிழ் என்றால் வெயில், காற்று மாறும்போதெல்லாம் நீங்களே திருப்பிக்கொண்டிருக்க வேண்டும்.

விற்பவரிடம் கேட்க வேண்டிய முக்கியமான கேள்வி இன்னொன்று உண்டு: காயில் போனால் அது தனியாகக் கிடைக்குமா? பழுதாகிற பாகங்களில் அதுவும் ஒன்று. தனியாகக் கிடைக்காவிட்டால் முழுப் பெட்டியும் குப்பைக்குத்தான் போகும்.

ஆப்புக்குக் கொடுக்கும் பணத்தில் இரண்டு கம்பிகள் உள்ள நல்ல தெர்மாமீட்டர் வாங்குங்கள். ஒரு கம்பி இறைச்சிக்குள், மற்றொன்று அது வைத்திருக்கும் தட்டின் பக்கத்தில். ஸ்மோக்கரின் திரை காட்டும் எண் அதன் சென்சார் இருக்கும் இடத்துச் சூடு. இறைச்சி இருக்கும் இடத்தில் அது கணிசமாக மாறலாம். வாங்கியதும் கொதிக்கும் தண்ணீரில் கம்பியை விட்டுப் பாருங்கள். கடல் மட்டத்தை ஒட்டிய ஊர் என்றால் 100 டிகிரி காட்ட வேண்டும்; மலைப்பகுதியில் கொஞ்சம் குறையும்.

கேள்வி: வெளிநாட்டிலிருந்து உறவினர் ஒருவர் கொண்டுவருவதாகச் சொல்கிறார். வாங்கிக்கொள்ளலாமா?

வோல்டேஜ் பார்க்காமல் சரி சொல்லாதீர்கள். 120 வோல்ட்டுக்குச் செய்த ஸ்மோக்கரை 230 வோல்ட்டில் செருகினால் காயில் மூன்றரை மடங்குக்கு மேல் மின்சக்தியை (வாட்) எடுத்து எரிந்துவிடும். பிளக் அடாப்டர் இதைச் சரிசெய்யாது. எக்ஸ்டென்ஷன் வயர் போடுவதானால் ஸ்மோக்கர் எடுக்கும் மின்சாரத்தைத் தாங்கும் தடிமனும், வெளியிடத்தில் போடத்தக்க உறையும் வேண்டும். 1,500 வாட் ஸ்மோக்கர் 230 வோல்ட்டில் 6.5 ஆம்பியரும், 120 வோல்ட்டில் 12.5 ஆம்பியரும் எடுக்கும். மெல்லிய வயர் சூடாகி உருகும்.

கேள்வி: வாங்கிய புதிதில் செய்த இறைச்சி கசந்தது. மரச்சில்லுகளை ஊறவைத்துத்தான் போட்டேன்.

ஊறவைக்க வேண்டாம். தண்ணீர் மரத்தின் மேற்பரப்போடு நின்றுவிடுகிறது. அது ஆவியாகி முடியும்வரை சில்லு 100 டிகிரியைத் தாண்டாது, புகையும் வராது. முதலில் வருவது நீராவிதான்.

கசப்புக்குப் பெரும்பாலும் அளவுதான் காரணம். தட்டு நிறைய அமுக்கிப் போட்டால் காற்றுப் போதாமல் அடர்ந்த வெள்ளைப் புகை கிளம்பி இறைச்சியில் படியும். ஒரு கைப்பிடி போட்டு, தீர்ந்ததும் இன்னொரு கைப்பிடி போடுங்கள். மேலே உள்ள புகைத்துளையை முழுக்க மூடாதீர்கள். நீலம் கலந்த மெல்லிய புகை வந்தால் சரியாக இருக்கிறது என்று அர்த்தம். ஓக், ஹிக்கரி, ஆப்பிள், செர்ரி மரங்கள் நல்லவை. பைன் போன்ற பிசின் மரம், பெயிண்ட் பூசியது, பிளைவுட் எதுவும் ஆகாது.

கசப்புக்கு இன்னொரு காரணமும் இருக்கலாம். புது ஸ்மோக்கரை முதலில் காலியாகவே சில மணி நேரம் ஓடவிட வேண்டும். தொழிற்சாலை எண்ணெய் அப்போதுதான் எரிந்து போகும். அதைச் செய்தீர்களா?

கேள்வி: பெரிய மாட்டிறைச்சித் துண்டு வைத்தேன். உள்சூடு 68 டிகிரி வரை ஏறி, இரண்டு மணி நேரம் அங்கேயே நின்றுவிட்டது. மெஷின் பழுதா? திருப்பிக் கொடுக்கலாமா?

திருப்பிக் கொடுக்காதீர்கள், அது பழுதில்லை. இறைச்சியின் ஈரம் மேற்பரப்பில் ஆவியாகும்போது அதைக் குளிர்விக்கிறது. காயில் கொடுக்கும் சூடும் இந்தக் குளிர்ச்சியும் சமமாகும்போது எண் அசையாது. பெரிய துண்டு எந்த ஸ்மோக்கரில் இருந்தாலும் 65 முதல் 75 டிகிரிக்குள் இப்படி நிற்கும். பொறுத்திருங்கள், அல்லது அலுமினியத் தாளில் இறுக்கிச் சுற்றுங்கள். ஈரம் வெளியேற வழியில்லாமல் சூடு ஏறத் தொடங்கும். இறைச்சியைக் கெட்டியாக வைத்திருக்கும் கொலாஜன் என்ற புரதம் ஜெலட்டினாகக் கரைந்து இறைச்சி பஞ்சாக உதிர 93 டிகிரி வரை போக வேண்டும்.

தட்டின் பக்கத்தில் வைத்த தெர்மாமீட்டரிலும் சூடு இறங்கிக்கொண்டே போனால் அது வேறு விஷயம். அப்போது காயிலையோ கண்ட்ரோலரையோ சந்தேகியுங்கள். வாரண்டியைக் கையில் எடுங்கள்.

கேள்வி: கோழித் தோல் ரப்பர் மாதிரி வருகிறதே?

பல எலெக்ட்ரிக் ஸ்மோக்கர்கள் 135 டிகிரிக்கு மேல் போகாது. தோல் மொறுமொறுப்பாக அது போதாது. கடைசியில் நல்ல சூடான ஓவனில் சில நிமிடம் வையுங்கள். எப்படிச் செய்தாலும் கோழியின் உள்சூடு 74 டிகிரியைத் தொட்ட பிறகே பரிமாறுங்கள். உறைந்த இறைச்சியை நேராக உள்ளே வைக்காதீர்கள். 4 முதல் 60 டிகிரிக்குள் நெடுநேரம் கிடந்தால் கிருமிகள் பெருகும்.

கேள்வி: மழைக்காலத்தில் கார் ஷெட்டுக்குள் வைத்து ஓட்டலாமா? கரி இல்லையே.

கூடாது. மரம் கருகினாலே கார்பன் மோனாக்சைடு வரும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. கதவைத் திறந்து வைத்தாலும் அது போதுமான காப்பு ஆகாது. திறந்த வெளியில், சுவரிலிருந்து தள்ளி, கையேடு சொல்லும் இடைவெளி விட்டு வையுங்கள். மழையிலும் நனையக் கூடாது. மழை பெய்தால் சமையலை வேறொரு நாளுக்குத் தள்ளிப்போடுங்கள்.