பாயசம் குடித்துவிட்டு எழுந்துபோன பாக்டீரியா

கேள்வி: ஏரித் தண்ணீரில் இருக்கிற பாக்டீரியாக்கள் இலைதழையைவிட பிளாஸ்டிக்கை ஆசையாகத் தின்கின்றனவாமே! அப்புறம் எதற்கு கேரி பேக்குக்குத் தடை?
– ஒரு வாசகர், செங்கல்பட்டு

பதில்: தின்கின்றன என்று உமக்குச் சொன்னது வாட்ஸ்அப் சித்தப்பாவாகத்தான் இருக்கும். அவருக்கும் எனக்கும் பழைய பகை. எந்த ஆய்விலும் முதல் வரியோடு எழுந்துவிடுவார்.

நடந்தது இது. கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் ஸ்காண்டிநேவியாவில் 29 ஏரிகளில் தண்ணீர் எடுத்தார்கள். பிரிட்டன் சூப்பர் மார்க்கெட் பைகளைத் துண்டு துண்டாக நறுக்கித் தண்ணீரில் போட்டுக் குலுக்கி, பையிலிருந்து கசிந்த கார்பனோடு அந்தத் தண்ணீரை ஏரித் தண்ணீர் பாட்டிலில் கொஞ்சம் விட்டு, 72 மணி நேரம் இருட்டில் வைத்தார்கள். பாக்டீரியா வளர்ச்சி இரண்டு மடங்கைத் தாண்டிவிட்டது. இலையும் சுள்ளியும் மக்கி வருகிற கார்பன் லேசில் உடையாது, பையின் கசிவு சுலபமாக உள்ளே இறங்குகிறது, அவ்வளவுதான். 2022இல் வெளியான ஆய்வு இது. தின்றது கசிவை ஐயா, பையை அல்ல! பந்தியில் பாயசத்தை மட்டும் குடித்துவிட்டு எழுந்து போகிறவரைப் பார்த்து 'இலையைக் காலி பண்ணிவிட்டார்' என்றா சொல்வீர்?

நிஜமாகவே பிளாஸ்டிக்கை அரிக்கிற பாக்டீரியாவும் உண்டு. ஜப்பானின் சகாய் நகரில் கிடைத்தது, 2016இல் அறிவித்தார்கள். அது அரிப்பது பாட்டில் செய்கிற பெட் வகையை. மெல்லிய பெட் தாளுக்கே, 30 டிகிரி சூட்டில், ஆறு வாரம் கேட்கிறது. உம்முடைய கேரி பேக் பாலித்தீன், அது வேறு சரக்கு.

பந்தி என்றதும் வயிறு எரிகிறது. வாழையிலை மாதிரியே பச்சையாக அச்சடித்து, நரம்புகூட வரைந்து, மேலே பிளாஸ்டிக் பூசி ஒரு தாளை விரிக்கிறார்களே, அதைக் கண்டுபிடித்த புண்ணியவான் யார்? சாப்பாட்டு மேஜையில் விரிக்கிற பிளாஸ்டிக் தாள் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடைப் பட்டியலில் இருக்கிறது. கல்யாண மண்டபத்தில் கேட்டால் 'இது பேப்பர் சார்' என்கிறார்கள். சூடான சாம்பாரை விட்டதும் ஒரு வாடை கிளம்புகிறது பாருங்கள், எந்தப் பேப்பரில் ஐயா அந்த வாடை வரும்? போன மாதம் இதைக் கேட்டதற்கு சம்பந்தி வீட்டார் என்னைப் பந்தியிலிருந்தே தள்ளிக்கொண்டு போய் ஐஸ்கிரீம் பக்கம் விட்டார்கள். அங்கே பிளாஸ்டிக் ஸ்பூன்.