பாம்பனில் 120 வோல்ட் வேக்கம் சீலர்: ஸ்டெபிலைசர் போதுமா?

போதாது. ஸ்டெபிலைசர் நம் 230 வோல்ட்டை ஏறி இறங்காமல் பிடித்து வைக்கும், அவ்வளவுதான். 120 ஆகக் குறைக்காது. அமெரிக்காவிலிருந்து வரவழைத்த உங்கள் சீலருக்கு (காற்றை உறிஞ்சி கவரை ஒட்டும் மெஷின்) தேவை, வோல்ட்டை இறக்கும் ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர்.

அடாப்டரில் மாட்டியதும் கருகல் வாடையோடு நின்றுவிட்டது என்கிறீர்கள். அடாப்டர் பின்னின் வடிவத்தைத்தான் மாற்றும். வோல்ட் ஏறக்குறைய இரட்டிப்பானால், கவரை ஒட்டும் கம்பியில் சூடு நாலு மடங்கை நெருங்கும். பெரும்பாலும் உள்ளே ஃப்யூஸ் போயிருக்கும். அதோடு போயிருந்தால் உங்கள் நல்ல நேரம்.

1. பிளக்கைப் பிடுங்கிவிட்டு மூடியைத் திறந்து, ஃப்யூஸை மல்டிமீட்டரில் பாருங்கள். அது நன்றாக இருந்தால் கோளாறு போர்டில் அல்லது மோட்டாரில், எலக்ட்ரீஷியனிடம் கொடுத்துவிடுங்கள்.

2. ஃப்யூஸ்தான் போயிருந்தால் அதே ஆம்பியரில் மாற்றுங்கள். லேபிளில் உள்ள வாட்ஸைப் போல இரண்டு மடங்கு திறனுள்ள டிரான்ஸ்ஃபார்மர் வாங்குங்கள். 110 வாட்ஸ் என்றால் 250 வி.ஏ. (டிரான்ஸ்ஃபார்மரின் திறனைக் குறிக்கும் அளவு) தாராளம்.

ஒன்று மட்டும்: மின்சாரம் நொடிக்கு எத்தனை சுற்று அலைகிறது என்பதே ஹெர்ட்ஸ்; அமெரிக்காவில் 60, இங்கே 50. டிரான்ஸ்ஃபார்மர் நம் 50ஐ 60 ஆக்காது. காற்றை உறிஞ்சும் பம்ப் மோட்டார் நேரடியாக ஏ.சி. மின்சாரத்தில் ஓடுவதாக இருந்தால் இங்கே மெதுவாகச் சுற்றும், கூடுதலாகச் சூடாகும். கருவாட்டுப் பாக்கெட்டுகளை ஒரே மூச்சில் போடாமல், நடுநடுவே ஆறவிடுங்கள். உப்புக்காற்றில் பிளக் பின் பச்சை பூத்திருந்தால் அதையும் தேய்த்துவிடுங்கள்.

அடுத்த முறை சிங்கப்பூர், துபாய் உறவினரிடம் சொல்லலாம். அங்கேயும் 50 ஹெர்ட்ஸ், நம்முடையதை ஒத்த வோல்ட். சவூதி என்றால் 60 ஹெர்ட்ஸ், லேபிளைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.