காவலர் மீதான புகாரை யார் விசாரிப்பது?

காவலர் மீது கொடுக்கும் புகாரைக் காவல் துறைக்கு வெளியே உள்ளவர்கள் விசாரிப்பார்களா என்று கேட்டிருக்கிறீர்கள். காவல் துறையில் சீர்திருத்தம் கோரித் தொடரப்பட்ட பிரகாஷ் சிங் வழக்கில் 2006 செப்டம்பரில் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், ஓய்வுபெற்ற நீதிபதிகளின் தலைமையில் மாநிலத்திலும் மாவட்டங்களிலும் காவல் புகார் ஆணையங்களை அமைக்கச் சொன்னது. துணைக் கண்காணிப்பாளர் வரையிலானோர் மீதான புகார்கள் மாவட்ட ஆணையத்துக்கு உரியவை. தமிழ்நாட்டின் 2013ஆம் ஆண்டுச் சட்டமோ, மாநிலத்தில் உள்துறைச் செயலாளரையும் மாவட்டத்தில் ஆட்சியரையும் தலைவராக்கி, காவல் அதிகாரிகளையே உறுப்பினர்களாக வைத்தது. நிலையத்தில் அடிவாங்கியவர், அடித்த உதவி ஆய்வாளரின் மேலதிகாரியான கண்காணிப்பாளரும் அமர்ந்திருக்கும் மேசைக்கு முன்னால் நின்றுதான் தன் காயத்தைக் காட்ட வேண்டும். இதைச் சுதந்திரமான விசாரணை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மாநில மனித உரிமை ஆணையத்தையும் நாடலாம். சம்பவம் நடந்த ஓராண்டுக்குள் புகார் போய்ச் சேர வேண்டும்.